வெல்ல முடியாத கோஷ்டியை வென்ற செப் ஹெர்பர்கர்

1954-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஸ்விட்ஜர்லாந்தின் எல்லையோர நகரமான பாஸலில் உலகக் கோப்பைக் கால்பந்துப் பந்தயம். ஜெர்மன் எல்லை கூப்பிடு தூரம். ஆகையால் ஜெர்மானியர் ஆயிரக்கணக்கில் ரயிலேறி வந்து மைதானத்தை நிறைத்திருந்தார்கள். ஆட்டம் முடிந்தபோது அவர்கள் கண்ட கணக்கு: ஹங்கேரி 8, மேற்கு ஜெர்மனி 3.

கூட்டம் கூச்சலிட்டது. மறுநாள் பத்திரிகைகள் சீறின. அந்த மனிதரை உடனே வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று கடிதங்கள் வந்து குவிந்தன. முதல் பந்தயத்தில் துருக்கியை 4-1 என்று வென்ற கோஷ்டியில் ஏழு பேரை உட்கார வைத்துவிட்டு, வேறு ஏழு பேரை உலகத்திலேயே பலம் வாய்ந்த கோஷ்டிக்கு முன்னால் நிறுத்தினால் கோபம் வராதா? அந்தக் காரியத்தைச் செய்தவர் ஜெர்மன் கோஷ்டியின் பயிற்சியாளர் செப் ஹெர்பர்கர். வயது 57. குள்ளமான உருவம், கூர்மையான கண்கள், கையில் எப்போதும் ஒரு குறிப்புப் புத்தகம்.

பதினான்கு நாட்கள் கழித்து அதே ஹங்கேரியை அதே மனிதர் வென்றார். அது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள, முதலில் அவர் எப்படி வளர்ந்தார் என்று பார்க்க வேண்டும்.

கண்ணாடித் தொழிற்சாலையின் நிழலில்

ஹெர்பர்கர் 1897-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி, மான்ஹைம் நகரை ஒட்டிய வால்டோப் என்ற தொழிலாளர் பகுதியில் பிறந்தார். ஆறு குழந்தைகளில் கடைக்குட்டி. தகப்பனார் அங்கிருந்த கண்ணாடித் தொழிற்சாலையில் கூலி வேலை பார்த்தவர். பையனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அவர் இறந்துபோனார். பதினான்காவது வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஹெர்பர்கரும் கூலி வேலைக்குப் போக வேண்டியதாயிற்று.

பந்து விளையாட்டில் கெட்டிக்காரர். முன் வரிசையில் ஆடி, 1921 முதல் 1925 வரை மூன்று முறை ஜெர்மனிக்காகக் களம் இறங்கினார். முதல் பந்தயம் பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில். அதில் இரண்டு கோல் அவருடையது. அந்தக் காலத்தில் ஜெர்மனியில் பணம் வாங்கிக்கொண்டு ஆடுவது குற்றம். ஏழை வீட்டுப் பிள்ளையான அவர் கிளப் மாறுவதற்குப் பணம் வாங்கினார், அகப்பட்டுக்கொண்டார், தடைக்கும் ஆளானார். அந்த அவமானம் அவரை நெடுநாள் உறுத்தியிருக்க வேண்டும். பிற்காலத்தில் தம் ஆட்டக்காரர்களின் குடும்பம், கடன், வேலை எல்லாவற்றையும் விசாரித்து அறிந்து வைத்திருந்தவர் அவர்.

உயர்நிலைப் பள்ளியின் வாசலை மிதிக்காத அவர் முப்பது வயதில் பெர்லின் சென்று, தேகப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். 1930-ல் முதல் மாணவராகத் தேறினார். அங்கே ஆசிரியராக இருந்த ஓட்டோ நெர்ஸ் தேசிய கோஷ்டியின் பயிற்சியாளருமாவார். 1936-ம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்ஸில், ஹிட்லர் பார்த்துக்கொண்டிருந்த பந்தயத்தில், ஜெர்மனி நார்வேயிடம் 0-2 என்று தோற்றது. அதையடுத்து நெர்ஸின் இடத்துக்கு ஹெர்பர்கர் வந்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1933-ல் அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். கொள்கைப் பற்றினால் என்று சொல்வதற்கில்லை. பதவி நிலைக்க வேண்டும் என்ற கணக்கே பெரிதாகத் தெரிகிறது. யுத்தத்திற்குப் பிறகு விசாரித்தவர்கள், கூட்டத்தோடு போனவர் என்ற வகையில் அவரைச் சேர்த்தார்கள். அந்தக் கணக்கு புத்திசாலித்தனமாக இருந்திருக்கலாம். மெச்சத்தக்கது அல்ல.

ஹங்கேரி விஷயத்துக்குப் போகும் முன், 1938-ல் பாரிஸ் நகரில் அவர் கற்ற பாடத்தைக் கவனிக்க வேண்டும். அவ்வருடம் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கிவிட்டது. ஆஸ்திரிய ஆட்டக்காரர்களையும் ஜெர்மானியரையும் ஏறக்குறையச் சரிபாதியாகக் கலந்து ஆட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. இரு தரப்பினருக்கும் ஆட்ட முறையே வேறு. எதிரே வந்ததோ சின்னஞ்சிறு ஸ்விட்ஜர்லாந்து. அதன் பயிற்சியாளர் கார்ல் ராப்பான் ஒரு புது முறை வைத்திருந்தார். பலசாலியோடு சரிக்குச் சரி ஆடாமல், கோஷ்டியைப் பின்னுக்கு இழுத்து, எல்லோருக்கும் பின்னால் காவலுக்கு ஓர் ஆளை வைத்து, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதுபோல் அடைப்பார். எதிரி முட்டி மோதிக் களைத்ததும் சட்டென்று பாய்வார். முதல் பந்தயம் 1-1. மறு பந்தயத்தில் ஜெர்மனி 2-0 என்று முன்னணியில் இருந்தும் 4-2 என்று தோற்றது. ஆள் பலம் அதிகமுள்ள பக்கத்தைத் திட்ட பலத்தால் வீழ்த்தலாம் என்பதை ஹெர்பர்கர் அன்று தோற்றவர் பக்கத்திலிருந்து கண்டார்.

பிறகு யுத்தம். தம் ஆட்டக்காரர்களைப் போர்முனையிலிருந்து விலக்கிவைக்க அவர் போட்ட உபாயங்கள் அநேகம். 1942 நவம்பரோடு சர்வதேசப் பந்தயங்களும் நின்றன. அவர் மகன்போல் நேசித்த பிரிட்ஸ் வால்டர் என்ற ஆட்டக்காரர் யுத்த முடிவில் கைதியாகி, ரஷ்யாவுக்குக் கொண்டுபோகப்பட இருந்தார். முகாமில் இருந்த ஒரு ஹங்கேரியக் காவலாளி அவரைப் பந்தயத்தில் பார்த்திருந்ததால் அடையாளம் கண்டு காப்பாற்றினார் என்பது வரலாறு. பின்னால் ஹங்கேரியைத் தோற்கடித்த கோஷ்டிக்குத் தலைவர் இதே வால்டர்தான்!

1950-ல் மேற்கு ஜெர்மனி மறுபடியும் களத்துக்கு வந்தபோது பயிற்சியாளர் பழைய ஹெர்பர்கரே. தேசம் முழுமைக்குமான லீக் பந்தயம்கூட அப்போது அங்கே கிடையாது.

ஒன்பதாம் எண்ணின் மர்மம்

இனி ஹங்கேரி. 1950 மே மாதத்துக்குப் பின் நான்கு ஆண்டுகளாக யாரிடமும் தோற்காத கோஷ்டி அது. 1952-ல் ஒலிம்பிக் தங்கம். 1953 நவம்பர் 25-ந் தேதி லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என்று வென்று உலகைத் திகைக்க வைத்தது. இங்கிலாந்து பழி தீர்க்க ஆறு மாதம் கழித்து புடாபெஸ்ட் போயிற்று. அங்கே 7-1!

இதன் சூட்சுமம் என்ன? அக்காலத்தில் ஐந்தாம் எண் சட்டை அணிந்த சென்டர் ஹாப்தான் எதிரியின் ஒன்பதாம் எண்ணான சென்டர் பார்வர்டைக் காவல் காப்பார். உலகமெங்கும் இதுவே வழக்கம். ஹங்கேரியின் பயிற்சியாளர் குஸ்தாவ் செபெஷ் இந்த வழக்கத்தையே ஆயுதமாக்கினார். அவருடைய ஒன்பதாம் எண் ஹிடெக்குட்டி முன்னால் நிற்கவே மாட்டார். பின்னால் நடுக்களத்துக்கு இறங்கிவிடுவார். எதிரியின் ஐந்தாம் எண் அவரைத் தொடர்ந்து போனால் கோலுக்கு முன்னால் வாசல் திறந்துவிடும்; அந்த வழியே புஷ்காஷும் கோச்சிஷும் புகுந்துவிடுவார்கள். போகாமல் நின்றாலோ, ஹிடெக்குட்டி ஆள் தொல்லை இல்லாமல் பந்தை எடுத்து எங்கு வேண்டுமானாலும் கொடுப்பார், சமயம் வாய்த்தால் தானே அடிப்பார். வெம்பிளியில் இங்கிலாந்தின் ஐந்தாம் எண் ஜான்ஸ்டன், போவதா நிற்பதா என்று தெரியாமல் தவித்தார். ஹிடெக்குட்டி மட்டும் மூன்று கோல் போட்டார்.

இந்தப் படையை எதிர்க்க ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியைப் பார்த்தார்கள். இங்கிலாந்து தன் பழைய முறையையே கட்டிக்கொண்டு அழுதது. பிரேசில் 1954 கால் இறுதியில் முரட்டுத்தனத்தில் இறங்கியது. இரு தரப்பிலுமாக மூன்று பேர் வெளியேற்றப்பட்டார்கள், பிரேசில் 4-2 என்று தோற்றது. நடப்புச் சாம்பியனான உருகுவே, அரை இறுதியில் ஆட்டத்துக்கு ஆட்டம் என்று துணிந்து நின்று, 0-2 என்ற நிலையிலிருந்து 2-2 என்று சமன் செய்தது. எனினும் அதிக நேர ஆட்டத்தில் தளர்ந்து தோற்றது.

ஹெர்பர்கர் போட்ட கணக்கு

ஸ்விட்ஜர்லாந்தில் துன் ஏரிக் கரையில் உள்ள ஸ்பீஸ் என்ற அமைதியான ஊரில் ஜெர்மன் கோஷ்டி தங்கியிருந்தது. அந்த ஆண்டின் விதி சற்று விசித்திரமானது. ஒரு பிரிவில் நான்கு நாடுகள். அவற்றில் இரண்டுக்கு விசேஷ அந்தஸ்து. அந்த இரண்டும் ஒன்றோடொன்று மோத வேண்டாம். ஜெர்மனியின் பிரிவில் ஹங்கேரியும் துருக்கியும் அந்த அந்தஸ்தைப் பெற்றவை. நான்காவது கோஷ்டி தென் கொரியா. துருக்கியும் ஜெர்மனியும் சம புள்ளிகள் பெற்றால் மறுபடியும் ஒரு பந்தயம் ஆட வேண்டும்.

ஹெர்பர்கர் இந்த விதியைத் தலைகீழாகப் படித்தார். துருக்கியை முதலில் வென்றாயிற்று. ஹங்கேரியிடம் வென்றால் நல்லதுதான். ஆனால் வெல்வது நடக்கிற காரியமா? நல்ல ஆட்டக்காரர்களை அங்கே களைக்க வைத்து, ஒருவர் காலும் முறிந்துவிட்டால் மூன்று நாளில் வரும் துருக்கிப் பந்தயமும் போய்விடும். ஆகவே ஏழு பேருக்கு ஓய்வு. அந்த ஓய்வின் பலனாக ஜூன் 23-ந் தேதி துருக்கியை 7-2 என்று நொறுக்கினார்கள்.

வேண்டுமென்றே தோற்று எதிரியை ஏமாற்றினார் என்று பின்னாளில் கதை கட்டினார்கள். அது பாதி உண்மைதான். தோல்வியை எதிர்பார்த்தார், எட்டு கோலை எந்தப் பயிற்சியாளரும் விரும்பிக் கேட்க மாட்டார். ஆயினும் ஒரு லாபம் இருந்தது. பின்னால் இறுதிப் பந்தயத்தில் ஆடிய பதினோரு பேரில் ஐந்து பேரை ஹங்கேரியர் பாஸலில் சந்திக்கவே இல்லை. மற்றொன்று: அன்று ஜெர்மனியின் லீப்ரிக் மோதியதில் ஹங்கேரியின் தலைவர் புஷ்காஷுக்குக் கணுக்காலில் அடிபட்டது. அது வேண்டுமென்று செய்ததா, தற்செயலா என்ற வழக்கு இன்று வரை தீரவில்லை. புஷ்காஷ் அடுத்த இரண்டு பந்தயங்களிலும் ஆடவில்லை.

ஜெர்மனி கால் இறுதியில் யூகோஸ்லாவியாவை 2-0 என்றும், அரை இறுதியில் ஆஸ்திரியாவை 6-1 என்றும் வென்றது. இறுதிப் பந்தயத்தில் எதிரே நின்றது மீண்டும் ஹங்கேரி.

இப்போது ஹெர்பர்கர் செய்த மாறுதல், கேட்டால் மிக அற்பமாகத் தோன்றும். இரண்டு பேரின் வேலையை மாற்றிக் கொடுத்தார், அவ்வளவே. வழக்கப்படி சென்டர் ஹாப் லீப்ரிக், ஹிடெக்குட்டியைக் காக்க வேண்டும். வலது ஹாப் எக்கெல், புஷ்காஷைக் காக்க வேண்டும். ஹெர்பர்கர் சொன்னது இதற்கு நேர் எதிர். ஹிடெக்குட்டி எங்கே போனாலும் எக்கெல் நிழல்போல் கூடவே போக வேண்டியது. லீப்ரிக் கோலுக்கு முன்னால் தம் இடத்திலேயே நின்று, அங்கே பாய்ந்து வரும் புஷ்காஷைக் கவனிக்க வேண்டியது. தலையால் முட்டிக் கோல் போடுவதில் இணையற்ற கோச்சிஷுக்கு இடது ஹாப் மாய் காவல். இதனால் என்ன ஆயிற்று? ஹிடெக்குட்டி பின்னால் இறங்கினாலும் கோலுக்கு முன்னால் வாசல் திறக்கவில்லை. அவர் சும்மாவும் விடப்படவில்லை. எக்கெலுக்கு அப்போது வயது 22, ஒல்லியான தேகம், ஓடி ஓடிச் சலிக்காத கால்கள். பாஸலில் இந்த வேலையை அவருக்குக் கொடுக்காமல் முன் வரிசையில் ஆட வைத்திருந்தார் ஹெர்பர்கர். சீட்டைக் காட்டாமல் வைத்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தடுப்பதோடு திட்டம் முடியவில்லை. ஹங்கேரியர் தாக்கும்போது அவர்களுடைய ஹாப் போசிக்கும் முன்னால் ஏறிவிடுவார், பின்புறம் காலியாகும். பந்து கிடைத்ததும் தயங்காமல் இரு ஓரங்களிலும் ஷேபர், ரான் ஆகியோரிடம் அனுப்ப வேண்டும். ரான் குறும்புக்காரர், பலமான உதை. கிளப்போடு தென் அமெரிக்காவில் சுற்றிக்கொண்டிருந்தவரைத் தந்தி கொடுத்து வரவழைத்திருந்தார்கள். எளிதில் மனம் சோர்ந்துவிடும் வால்டருக்கு அறைத் தோழராக இந்தச் சிரிப்புக்காரரைப் போட்டதும் ஹெர்பர்கரின் வேலைதான். வால்டரின் கெய்சர்ஸ்லாடர்ன் கிளப்பிலிருந்து ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்ததற்காகவும் அவர் ஏச்சுக் கேட்டிருந்தார். ஏனெனில் அந்தக் கிளப் மே மாதத்தில்தான் ஜெர்மன் சாம்பியன் பந்தயத்தில் 1-5 என்று படுதோல்வி கண்டிருந்தது.

பெர்னில் பெய்த மழை

ஜூலை 4-ந் தேதி, பெர்ன் நகரம், வாங்க்டோர்ப் மைதானம். சுமார் 60,000 பேர். நண்பகலில் மழை பிடித்துக்கொண்டது. யுத்தத்தில் மலேரியா கண்ட வால்டருக்கு வெயில் ஆகாது, மழை என்றால் உற்சாகம். ஜெர்மனியில் இன்றும் மழை நாளைப் பிரிட்ஸ் வால்டரின் வானிலை என்கிறார்கள். செருப்புத் தொழிலதிபர் அடால்ப் டாஸ்லர் கோஷ்டியோடு வந்திருந்தார். பூட்ஸின் அடியில் உள்ள குமிழ்களைத் திருகிக் கழற்றி, சேற்றுக்கேற்ற நீளக் குமிழ்களை மாட்டும் வசதி அவருடைய பூட்ஸில் இருந்தது.

திட்டம் எல்லாம் எட்டு நிமிஷத்தில் தவிடுபொடியானதுபோல் இருந்தது! காலில் வலியோடு இறங்கிய புஷ்காஷ் ஆறாவது நிமிஷத்தில் ஒரு கோல். எட்டாவது நிமிஷத்தில் கோல்மேயர் பின்னால் தட்டிய பந்தை கோல் கீப்பர் டூரெக் நழுவவிட, ஸீபோர் இரண்டாவது கோலைப் போட்டார். செபெஷும் சும்மா இருக்கவில்லை. ஸீபோரை இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு மாற்றியிருந்தார். எதிரிக்கும் மூளை உண்டல்லவா?

இங்கே ஜெர்மானியர் கலைந்து ஓடவில்லை. ஆளுக்கு ஆள் காவல் அப்படியே நின்றது. பத்தாவது நிமிஷத்தில் மோர்லாக் காலை நீட்டி ஒரு கோல் போட்டார். பதினெட்டாவது நிமிஷத்தில் வால்டர் மூலையிலிருந்து உதைத்த பந்து, ஷேபரும் ஹங்கேரியின் கோல் கீப்பர் கிரோஷிச்சும் எழும்பி முட்டியதில் தப்பி வர, ரான் அதைக் கோலாக்கினார். 2-2.

பின்பாதியில் ஹங்கேரியர் அலை அலையாக வந்தார்கள். முன்பாதியில் ஹிடெக்குட்டியின் பந்து கம்பத்தில் பட்டிருந்தது. இப்போது கோச்சிஷின் பந்து மேல் சட்டத்தில் பட்டது. முதலில் தவறு செய்த கோல்மேயரே கோல் கோட்டிலிருந்து ஒரு பந்தைக் காப்பாற்றினார். டூரெக் பாய்ந்து பாய்ந்து பிடித்தார். எந்தத் திட்டமும் இவற்றைக் கணக்கில் எழுதிவைக்க முடியாது. அதிர்ஷ்டமும் அன்று ஜெர்மானியர் பக்கம் நின்றது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆட்டம் முடிய ஆறு நிமிஷம். முன்னேறி வந்த போசிக்கிடமிருந்து ஷேபர் பந்தைப் பறித்து உள்ளே அனுப்பினார். ஹங்கேரியர் தலையால் முட்டி வெளியேற்றிய பந்து ரானிடம் வந்தது. அவர் வலது காலால் அடிப்பதுபோல் பாவனை காட்டி, இடது காலால் தாழ்வாக உதைத்தார். 3-2. பிறகு புஷ்காஷ் பந்தை வலைக்குள் அடித்தார். வேல்ஸ் தேசத்து லைன்ஸ்மன் கிரிபித்ஸ் ஆப் சைடு என்று கொடியைத் தூக்கினார். அந்தக் கொடி சரியா தப்பா என்று ஹங்கேரியர் பல்லாண்டு வாதாடினார்கள்.

அந்த வெற்றியில் ஒரு கறையும் பேசப்படுகிறது. பந்தயத்துக்கு முன் ஜெர்மன் ஆட்டக்காரர்களுக்கு ஊசி போடப்பட்டது. வைட்டமின் சி மட்டுமே என்றார் கோஷ்டியின் டாக்டர். சில மாதங்களில் பலருக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஊக்க மருந்து என்ற சந்தேகத்தைப் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் கிளப்பினார்கள். முடிவான நிரூபணம் வரவில்லை.

யுத்தத்தில் தோற்று, உலகத்தின் முன் தலை குனிந்திருந்த ஜெர்மன் ஜனங்கள், கோஷ்டி வந்த ரயிலை ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மறித்து மாலையிட்டார்கள். புடாபெஸ்டிலோ ஜனங்கள் ஆத்திரத்தில் தெருவில் இறங்கினார்கள். கிரோஷிச் தேசத் துரோகக் குற்றச்சாட்டுக்கு ஆளாகி வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். 1956 புரட்சிக்குப் பின் புஷ்காஷ், கோச்சிஷ், ஸீபோர் மூவரும் தேசத்தை விட்டே போய்விட்டார்கள். அந்த மகா கோஷ்டி சிதறியது.

ஹெர்பர்கர் மேலும் பத்தாண்டு பதவியில் இருந்தார். 1958-ல் ஸ்வீடனில் நான்காவது இடம். 1962-ல் சிலி நாட்டில், கால் இறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 0-1 தோல்வி. காவலில் அளவு மீறிக் கவனம் செலுத்தித் தாக்குதலை மறந்துவிட்டார் என்று அப்போது குறை சொன்னார்கள். அதில் நியாயம் இருந்தது. 1954-ல் அவர் காவலோடு பாய்ச்சலையும் சேர்த்துப் பின்னியிருந்தார். சிலியில் அந்தப் பின்னல் இல்லை.

1964 ஜூன் 7-ந் தேதி அவருடைய கடைசிப் பந்தயம். இடம், அவர் இளைஞராக முதல் பந்தயம் ஆடிய அதே ஹெல்சிங்கி. எதிரி அதே பின்லாந்து. ஜெர்மனி 4-1 என்று வென்றது. பயிற்சியாளராக அது அவருக்கு 167-வது சர்வதேசப் பந்தயம்.

அதன் பின் ஹோஹென்சாக்சென் என்ற ஊரில் மனைவி ஏவாவுடன் வசித்தார். குழந்தைகள் இல்லை. பழைய ஆட்டக்காரர்கள் தேடி வருவார்கள். ஒவ்வோர் ஆட்டக்காரரைப் பற்றியும் ஒவ்வொரு பந்தயத்தைப் பற்றியும் எழுதிவைத்த குறிப்புகள் முந்நூறுக்கும் மேற்பட்ட கோப்புகளாக அலமாரியை நிறைத்திருந்தன. 1977 ஏப்ரல் 27-ந் தேதி, மேற்கு ஜெர்மனி வட அயர்லாந்தை 5-0 என்று வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தார். மறுநாள் மாரடைப்பால் காலமானார். வயது 80.